கீழே நிற்கிற ராசி

கரமனையில் ஆற்றங்கரைக்கு இறங்குகிற அந்தச் சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது சிலருக்குத்தான் தெரியும். யார் வீட்டில் எத்தனை அங்குல டிவி என்பது எல்லோருக்கும் தெரியும். கோமதிநாயகத்துக்கு இரண்டும் தெரியும். எதிர்வீட்டுத் தாசையன் மொட்டைமாடியில் கட்டியிருக்கும் திரை தன் வீட்டு டிவியைப்போல் எத்தனை மடங்கு என்பதை, துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்க் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தார். அதற்கு முன்னால் அவர் துணி காயப்போட்டு யாரும் பார்த்ததில்லை.

கோமதிநாயகம் சாலைக் கம்போளக் கடைவீதியில் ஒரு ஜவுளி மொத்தக்கடைக்குக் கணக்குப் பார்க்கிறவர். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது இங்கே, உயிர் மட்டும் இங்கிலாந்தில். அங்கே சிவப்புச் சட்டை போட்டு விளையாடும் ஒரு கால்பந்து அணியிடம் அதைக் கல்யாணத்துக்கு முன்பே ஒப்படைத்துவிட்டார். சந்தில் அந்த அணிக்குப் பெயரே ‘சிவப்பு’தான். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்தால் வீட்டு வாசல்களில் பறக்கும் கொடிகளைப் பார்த்துத் தங்கள் ஆட்கள் என்று நினைத்துக் கைகாட்டிவிட்டுப் போவார்கள்.

சிவப்பு நன்றாக விளையாடும், கடைசியில் தோற்கும். அது அதன் குணம். வருஷம் தவறாமல் தோற்றதை எல்லாம் சந்து முழுவதும் கூடிப் பார்த்தது கோமதிநாயகத்தின் முன்னறையில்தான். பையன்கள் தரையில் இருப்பார்கள், அவர் நடுவில் நாற்காலியில் இருப்பார். யாராவது ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், நாலு டம்ளரையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பாடம் தொடங்கிவிடுவார். மனைவி கிருஷ்ணவேணி எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் ஒருநாளும் ஆஃப்சைடு பற்றிக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

இந்த ராஜ்ஜியத்தைத்தான் தாசையன் வந்து கவிழ்த்தார். பாறசாலைப் பக்கத்து ரப்பர் வியாபாரி, நல்ல மனுஷன், அதுதான் இன்னும் மோசம். வீடு வாங்கி வந்தவர் மாடிக்குத் தகரக்கூரை போட்டார், ஃபேன் மாட்டினார், புரொஜெக்டர் வாங்கினார். நடுவில் தனக்கென்று ஒரு சுழல் நாற்காலி. மனைவி ரோஸ் மீன் கட்லெட் பொரித்து மாடிக்கு அனுப்பினாள். சைவக்காரரான கோமதிநாயகத்துக்கென்று தனிச் சட்டியில் பருப்புவடை சுட்டாள். அந்த அக்கறை வேறு அவருக்குத் தொண்டையில் சிக்கியது.

தாசையன் சிவப்புக்கு ரசிகரானதற்கும் ஒரு காரணம் இருந்தது. மகன் விபின் படிக்கப் போன ஊர் அந்த அணியின் ஊர். அங்கிருந்து அசல் கம்பெனிச் சட்டை ஒன்று கூரியரில் வந்தது. கோமதிநாயகத்தின் சட்டை தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நடைபாதையில் வாங்கியது. இரண்டு துவைப்புக்குப் பிறகு அதன் நிறத்தைச் சிவப்பு என்று சொல்ல ஒரு விசுவாசம் வேண்டும். பையன்கள் ஒவ்வொருவராகச் சந்தைக் கடந்து எதிர்வீட்டு மாடிக்குப் போனார்கள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சொந்த மகன் ராகேஷே போனான். கடைசியில் கோமதிநாயகமும் போனார். அவருக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

இந்த வருஷம் ஐரோப்பியக் கோப்பையில் சிவப்பு அரையிறுதிவரை வந்துவிட்டது. சந்தில் ராசிக்காரர்கள் பெருகினார்கள். ரசிகர் சங்கச் செயலாளர் கிரீஷ், தம்பானூரில் மொபைல் கடை வைத்திருக்கிறவன், காலிறுதியில் போட்ட சட்டையை அதன்பிறகு துவைக்கவில்லை. ராகேஷ் இடதுகாலை மடக்கித்தான் உட்கார்வான். கோமதிநாயகம் ஆட்டநாளில் சவரம் செய்யமாட்டார்; முன்னொரு காலத்தில் செய்தார், அன்று சிவப்பு தோற்றது, தோல்விக்கு வேறு காரணம் எதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அரையிறுதி அன்று சிவப்பு இரண்டு கோல் பின்னால் இருந்தது. எதிராளி ஒருவன் பெட்டிக்குள் உருண்டு விழுந்தான். பெனால்டியா இல்லையா என்று கிரீஷுக்குச் சந்தேகம். கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கிரீஷ் சுழல் நாற்காலிப் பக்கம் திரும்பித் தாசையனிடம் கேட்டான். தாசையன், தவறாகத்தான், ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோமதிநாயகம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கொசு கடிக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து இறங்கிவிட்டார். தாசையன் வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் மாடியில் ஒரு கூச்சல். கோல். திரும்பி ஏறலாமா என்று ஒரு கால் எடுத்தார். கோபித்துக்கொண்டு வந்தவன் எந்த முகத்தோடு ஏறுவது என்று நின்றார். நின்ற இடத்திலேயே இரண்டாவது கூச்சல் வந்தது. மூன்றாவது வந்தபோது அவர் நடுத்தெருவில் ஒரு நாயோடு நின்றிருந்தார். சிவப்பு இறுதிப்போட்டிக்குப் போய்விட்டது. அவர் பார்த்தது நாயை.

மறுநாள் நடந்ததுதான் வேடிக்கை. கிரீஷ் வீடு தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி இறங்கிய நிமிஷத்திலிருந்து ஆட்டம் மாறியது என்று ஐந்தாறு பேர் சாட்சி சொன்னார்கள். கோமதிநாயகம் இத்தனை காலம் கழித்துத் தன்னை நாலுபேர் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். அந்தச் சுகத்தில் வாய் தானாகத் திறந்தது.

“சும்மாவா எறங்குனேன்? என் ராசி அங்க சரியில்லன்னு எனக்கே தோணிச்சு. டீம் செயிக்கட்டும், நாம பாக்காட்டா என்னன்னுதான் மனசறிஞ்சு எறங்குனேன்.”

தியாகம் என்ற சொல்லை யாரோ சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. அந்த வாரமே சந்து முக்கில் ஃப்ளெக்ஸ் போர்டு ஏறியது. மேலே ஆட்டக்காரர்கள், கீழே வட்டம் வட்டமாகச் சந்து ரசிகர்கள். எல்லாவற்றிலும் பெரிய வட்டத்தில், சிவப்பைக் கரையேற்றிய கோமதி அண்ணாச்சி. தாசையன் ஓரத்தில், பாஸ்போர்ட் அளவில். கோமதிநாயகத்துக்கு அந்த வாரம் முக்குக் கடையில் வாங்கவேண்டிய சாமான்கள் ஏராளமாக இருந்தன. தீப்பெட்டி வாங்க ஒரு நடை, உப்பு வாங்க ஒரு நடை.

இறுதிப்போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிரீஷ் மறுபடி வந்தான். ராகேஷும் அவன் பக்கமாகவே நின்றான், அதுவே நல்ல சகுனம் இல்லை. கிரீஷ் சுற்றி வளைத்தான்: இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த ஃபைனல், ஒருத்தரும் ஒன்றையும் மாற்றக்கூடாது, தானே இன்னும் சட்டை துவைக்கவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் அறைக்கே தெரிந்திருந்தது.

“அதுகொண்டு அண்ணாச்சி, வருத்தம் தோணக்கூடாது. ஃபைனலுக்கும் நீங்க கீழதான் நிக்கணும்.”

“கீழன்னா?”

“ரோட்டுல. அன்னைக்கு நின்ன அதே இடம். தாசையண்ணன் கேட்டுக்கும் உங்க கேட்டுக்கும் நடுவுல.”

வீட்டு டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதுவும் கூடாதாம், அன்று மூன்று கோலில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் காணவில்லையே. போன்கூட வேண்டாம் என்று ராகேஷ் சொன்னான். பிறகு, பெற்ற தகப்பனைப் பார்த்து, மெல்லச் சொன்னான்: “நீங்கதானேப்பா மனசறிஞ்சு எறங்குனேன்னு சொன்னீங்க.”

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கிருஷ்ணவேணி சிரிப்பை அடக்கும்போது ஏதாவது ஒன்று கீழே விழும்.

அந்த வாரம் கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை. மலைப்பக்கம் கல்லாற்றுக்கு ஒருநாள் போய்வரலாமே, அங்கே சிக்னலும் கிடைக்காது சங்கடமும் இருக்காது என்று கிருஷ்ணவேணி யோசனை சொன்னாள். யாருக்கும் தெரியாமல் குளியலறையில் போனை வைத்துப் பார்த்தால் என்ன என்றும் அவருக்கே தோன்றாமல் இல்லை. ஆனால் அவர்தான் சவரத்துக்குப் பயப்படுகிறவராயிற்றே. பார்த்து, சிவப்பு தோற்றுப்போனால்? ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். தன் கையாலேயே சிவப்பின் கழுத்தை நெரித்ததாகிவிடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான். முந்தாநாள் வந்த ரப்பர் வியாபாரி, கார்னருக்கும் கோல்கிக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆள், ஃபேன் காற்றில் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஆட்டத்தைக் கட்லெட் கடித்தபடி பார்க்கப்போகிறார்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் ராத்திரி ஒன்பதரைக்கு, சந்து சாயங்காலம் நாலு மணிக்கே தயார். கேட்டுக்குக் கேட்டு தோரணம், முக்கில் செண்டை, மாடியிலிருந்து ஸ்பீக்கர் சோதனை. கோமதிநாயகம் சவரம் செய்யாத முகத்தோடு ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து நடுரோட்டில் போட்டார். ஆட்டோக்காரர்கள் வளைந்து போனார்கள். அண்ணாச்சியின் கடமை இன்னதென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் தாசையன் இறங்கி வந்தார். கையில் விபின் அனுப்பிய புதுச் சட்டை, இவருக்கென்றே வரவழைத்தது. அதை நாற்காலிக் கையில் போட்டார்.

“அண்ணாச்சி, நிங்க மேல போங்க. நான் இங்க நிக்கேன்.”

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்குப் பந்து எங்க போவுதுன்னே பாதி நேரம் தெரியாது. மவன் அந்த ஊர்ல இருக்கான்னுதான் பாக்கேன். நிங்க எத்தன வருசமா காத்துக் கெடக்கிற ஆளு. ராசி வேணும்னா ஒரு ஆளு கீழ நின்னாப் போதும் இல்லியா? அது நானா இருக்கட்டும்.”

கோமதிநாயகத்தின் கால் தானாக எழுந்தது. சரி என்ற சொல் பல்லுக்குப் பின்னால்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாடிக் கைப்பிடிச்சுவரில் கிரீஷின் தலை தெரிந்தது.

“தாசையண்ணா, சட்டை குடுத்து அண்ணாச்சிய சமாதானம் பண்ணியாச்சா? மனசுன்னா இதாக்கும் மனசு.”

மாடியில் யாரோ தாசையனுக்குக் கைதட்டினார்கள்.

கோமதிநாயகம் கணக்குப்பிள்ளை. வரவு செலவு அவருக்குப் பார்த்தமாத்திரத்தில் தெரியும். சிவப்பு ஜெயித்தால், நாற்காலியை விட்டுக்கொடுத்துத் தெருவில் நின்ற புண்ணியவான் தாசையன். தோற்றால், ஆசையை அடக்க முடியாமல் மாடியேறி வந்து கெடுத்தவர் கோமதிநாயகம். எந்தப் பக்கம் கூட்டினாலும் முக்கில் பெரிய வட்டம் கைமாறிவிடும். ரோஸ் கையால் வடை வாங்கலாம், சட்டையும் வாங்கலாம். இதை மட்டும் இந்த ஆளிடம் வாங்கினால் பிறகு சந்தில் தலைகாட்ட முடியுமா? அவர் மறுபடி உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

“வேண்டாம். நான்தான் நிப்பேன்.”

“அண்ணாச்சி, வாசி பிடிக்காதீங்க. இவ்வளவு பிடிவாதம் எதுக்கு?”

“எனக்குன்னு உள்ள எடம் இது. போம்வே.”

தாசையன் யோசித்தார். பிறகு கேட்டுக்குள் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார். ஒற்றைக்கு ஓர் ஆளை ரோட்டில் விட்டுவிட்டு மேலே போய்க் கட்லெட் தின்ன தனக்கு மனசு வராது, பேசிக்கொண்டு இருந்தால் நேரம் போய்விடும் என்றார்.

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். இத்தனை மாதம் எந்த மனிதரை அந்தச் சுழல் நாற்காலியிலிருந்து மனசுக்குள் பிடித்துப் பிடித்துத் தள்ளினாரோ, அந்த மனிதரின் தோளைப் பிடித்து இப்போது அதே நாற்காலிக்குத் தள்ளினார்.

“ஓய், அன்னைக்கு மூணு கோலுக்கும் நீரு எங்க இருந்தீரு? அந்தச் சேர்லதானே? அப்போ அங்கதான் இருக்கணும். மேல போம்.”

“அன்னைக்கு நான் எப்பிடி இருந்தேன்னு எனக்கே நெனவில்ல, அண்ணாச்சி.”

“எனக்கு இருக்கு. நான் எறங்கும்போ வலதுகால் மேல இடதுகால். சேர் கொஞ்சம் தொட்டிப் பக்கமா திரும்பியிருந்திச்சு. கையில பாதி கட்லெட். கோல் விழுதவரைக்கும் அதக் கடிச்சிராதீரும்.”

தாசையன் அவரையே பார்த்தார். இந்தச் சந்தில் தன்னை இவ்வளவு கவனித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது, ரோஸ் உட்பட. கண் கலங்கினாற்போல்கூட இருந்தது. நல்ல மனுஷன் என்று சொன்னோமே. ஸ்டூலை எடுத்துக்கொண்டு மாடியேறினார். மேலே அவருக்கு ஆரவாரம் கிடைத்தது. கோமதிநாயகம் கொசு விரட்டினார்.

எட்டரை மணிக்குத் தன் வீட்டு கேட் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினார். கிருஷ்ணவேணி. தலையில் பிச்சிப்பூ, அரக்குச் சேலை. கல்யாண வீட்டுக்குப் போகிற நடை. எங்கே என்று கேட்டார்.

“மேலதான். ரோஸ் கூப்பிட்டா.”

“உனக்கு எதுக்குப் பந்தாட்டம்?”

“சந்தே பாக்குது, நான் மட்டும் என்ன? ஆஃப்சைடுன்னா என்னன்னு தாசையன் அண்ணாச்சி சொல்லித் தாரேன்னிருக்காரு.”

டம்ளர், எலுமிச்சம்பழம் எல்லாம் ஒருகணம் கோமதிநாயகத்தின் கண்முன் வந்து போயின. அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாரா? கடைசியில் பிடி ஒன்று அகப்பட்டது. அரையிறுதி அன்று அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்று மேலே போனால் ராசி கெட்டுவிடும், கிரீஷே ஒத்துக்கொள்ளமாட்டான் என்றார்.

“அப்படியா? அப்போ மேல வந்து கிரீஷுட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள் கிருஷ்ணவேணி.

சொல்லிவிட்டு அவருக்காகக் கொஞ்சநேரம் காத்திருந்தாள்கூட. கோமதிநாயகம் எதிர்வீட்டு கேட்டைப் பார்த்தார், தன் வீட்டு கேட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. அவள் படியேறினாள். மேலே ரோஸ் அவளை வரவேற்பது கேட்டது. யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இழுபட்ட சத்தத்தை வைத்து அது தனக்குக் கிடைத்த தொட்டிப் பக்கமா, தாசையன் இருக்கும் நடுப்பக்கமா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

நடுப்பக்கம்தான்.