இரைச்சல் என்று நீக்குக

1
இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. கலை, நயம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் தொடக்கம்: 'விடியலில் எஸ்மெரால்தாஸ் காட்டின் உச்சிக்கிளைகளிலிருந்து...' சீ, சுற்றுலா விளம்பரம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஒடிலா லஞ்சம் வாங்கவில்லை.' இது இருக்கட்டும்.

2
ஒடிலா கய்சேதோ எங்கள் ஆற்றோரக் காட்டின் காவலாளி. அவளுடைய எல்லையில் சிலந்திக் குரங்குகள் இருந்தன.* மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, அவற்றின் குரலைக் கணக்கெடுப்பது எங்கள் திட்டம். பதிவுகளைக் கேட்பது என் வேலை; என் பெயர் நெக்சார். மார்ச்சுக்குப் பிறகு அங்கே குரங்குக் குரல் இல்லை. மரமும் இல்லை. வெட்டியவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள் என்று ஒடிலாமேல் வழக்கு.

ஆனால் பதிவில் எல்லாம் இருக்கிறது. ரம்பம் உறுமுகிறது. ஒடிலா கத்துகிறாள்: "நிறுத்துங்கடா! இது காவல் காடு!" ஒருவன் சிரிக்கிறான்: "உங்க இஞ்சினியரைப் போய்க் கேளு தாயே. அவர் சொல்லித்தான் வந்திருக்கோம்."

(வில்லனின் ஆள் இவ்வளவு வசதியாகவா உளறுவான் என்று கேட்பீர்கள். உளறினான். நான் என்ன செய்ய?)

* இந்தக் குரங்கை எங்களூரில் 'சூனியக்காரி' என்போம். உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம்.

3
இஞ்சினியர் பஸ்தோ, எங்கள் திட்டத் தலைவர்.

"மனுஷக் குரல், மெஷின் சத்தமெல்லாம் இரைச்சல், நெக்சார். கம்ப்யூட்டரே நீக்கிடுது. நீக்காத பிரதியை நீ ஏன் வச்சிருக்க?"

"கேக்கறதுக்குத்தான், இஞ்சினியர்."

"குரங்கைக் கேளு. சம்பளம் அதுக்குத்தான். இன்னைக்கே அழிச்சிடு."

பிறகு அறிக்கையில் எழுதினார்: 'குரங்குகள் மறைந்ததற்குக் காரணம் தெரியவில்லை.' தெரியவில்லையாம்! கை கூசவில்லையா அந்த மனுஷனுக்கு? இங்கே கேட்டு என்ன, அவரிடம் "சரிங்க இஞ்சினியர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

4
முடிவு அ: அழித்துவிடுகிறேன். ஒடிலா ஜெயிலுக்குப் போகிறாள்.

முடிவு ஆ: அழிக்காமல் ஒளித்துவைத்து, அதைக் கதையாக எழுதுகிறேன். நாலு பேர் பாராட்டுகிறார்கள். ஒடிலா ஜெயிலுக்குப் போகிறாள்.

இரண்டாவதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒடிலாவே உள்ளே வந்தாள்.

"என்னய்யா எழுதற?"

"உன் கதைதான். உனக்காகத்தான்."

மேசையிலிருந்த வறுத்த வாழைக்காயைக் கடித்தபடி இதுவரை உள்ளதை வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதைக் குடுத்தா நீதிபதி என்னை விட்டுடுவாரா?"

தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"உன் கதையை நீயே வச்சுக்க. நான் தொண்டை கிழியக் கத்தினது பதிவுல இருக்குல்ல, அதை எடு. நீயும் கூட வா. 'இதை நான்தான் கேட்டேன்'னு உன் வாயால சொல்லு. இன்னைக்குத்தான் விசாரணை."

5
பதிவு என் சட்டைப்பையில் இருக்கிறது. வேலை போய்விடும், அதில் சந்தேகமில்லை. நீதிபதியும் இஞ்சினியரும் ஒரே மேசையில் மீன் தின்கிறவர்கள், அதனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒடிலா கத்துகிறாள்:

"எழுதிக் கிழிச்சது போதும், வாய்யா!"

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கடைசி வரியில் இஞ்சினியரை மனம் திருந்த வைத்தீர்களோ, உங்களையும் சும்மா விடமாட்டேன்.