கழித்துப் பார்த்த நட்சத்திரம்

அலுவலகத்தில் அவளைத் தூசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நட்சத்திரங்களைச் சுற்றித் தட்டுப் போலப் பரந்து கிடக்கும் தூசியை ஆராய்வது அவள் வேலை. அந்தத் தூசிதான் ஒன்றோடொன்று ஒட்டி, கல்லாகி, மலையாகி, கடைசியில் கோளாகிறது. வீட்டில் நாத்தனாருக்கு இது ஒரு சிரிப்பு.

"அண்ணிக்கு எங்கேயோ இருக்கற தூசியெல்லாம் தெரியும். டிவி மேல இருக்கறதுதான் தெரியாது."

ஒரே ஒரு நட்சத்திரத்தோடு அவள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள். அதன் தூசித் தட்டின் நடுவே கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. புதிதாகப் பிறந்த கோள் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து தன் பாதையைத் துடைத்து வைத்திருக்கிறது என்று எழுதினாள். அன்று பிற்பகல் குழுத் தலைவர் அதைக் கூட்டத்தில் அறிவிக்கப் போகிறார். அறிவித்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி வேறு ஊர், வேறு வீடு, மகளுக்கு வேறு பள்ளிக்கூடம்.

காலையில் மிச்சம் இருந்தது ஒரே வேலை, படத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்குவது. நட்சத்திரத்தின் வெளிச்சம் தூசியை மறைத்துவிடும். அதனால் தூசியே இல்லாத, அதே மாதிரியான இன்னொரு நட்சத்திரத்தைப் படமெடுத்து, அந்த வெளிச்சத்தை இதிலிருந்து கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் தூசி. அவள் எப்போதும் ஒரே நட்சத்திரத்தைத்தான் கழிப்பாள். அது சுத்தமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அன்று வேறொரு நட்சத்திரத்தின் படம் இன்னும் துல்லியமாகக் கிடைத்திருந்தது. அதைக் கழித்தாள்.

கறுப்பு வளையத்தைக் காணோம்.

எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி செய்தாள். மற்றொரு நட்சத்திரத்தை வைத்தும் செய்தாள். தட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று கிடந்தது. பிறகு எப்போதும் கழிக்கும் அந்தப் பழைய நட்சத்திரத்திலிருந்தே புதியதைக் கழித்தாள். பழையதைச் சுற்றி மெல்லிய தூசி வளையம் ஒன்று எழுந்து வந்தது. சுத்தம் என்று நம்பியதிலேயே தூசி இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கழித்ததால்தான் அந்தக் கறுப்பு வளையம். கோள் எதுவும் அங்கே இல்லை.

கைப்பேசி அடித்தது. கணவன். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறான்.

"பெட்டியெல்லாம் பிரிச்சுட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"வந்ததுலேருந்து கட்டினபடியே கிடந்துச்சே, அட்டைப்பெட்டிங்க. இனிமே எதுக்கு அது? நீ தேடிட்டிருந்த நீலப் போர்வை உள்ளதான் இருந்துச்சு."

"அப்பறம் பண்ணியிருக்கலாமே."

"உனக்கு எல்லாமே அப்பறம்தான். உன் பொண்ணு படம் மாட்ட ஆணி கேக்கறா. அடிக்கட்டுமா?"

"சாயங்காலம் பேசலாங்க."

"ஆணி அடிக்க என்ன பேச்சு?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

சொல்லாமல் விட்டால் உடனே யாருக்கும் தெரியாது. வேறு யாராவது வேறு நட்சத்திரத்தைக் கழித்துப் பார்ப்பதற்குள் வேலை உறுதியாகிவிடும். ஆனால் அதுவரை இல்லாத கோளைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும், கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த அலுப்பு தன்னால் ஆகாது என்று தோன்றியது. எழுந்து தலைவர் அறைக்குப் போனாள்.

தலைவர் கூட்டத்துக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். படங்களை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னைக்குத்தானா உனக்குப் படத்தைப் பளிச்சுனு பண்ணத் தோணணும்?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"ஆமா. என் வாய்." கண்களைத் தேய்த்துக்கொண்டார். "கூட்டத்துல நான் சொல்லிக்கறேன். நீ வீட்டுக்குப் போம்மா."

"என் ஒப்பந்தம் சார்?"

"கேட்டுப் பாக்கறேன். நம்பி இருக்காதே. அந்தப் பழைய நட்சத்திரத்துல வளையம் இருக்கே, அதையாவது எழுது."

"மாசக் கடைசிக்குள்ளயா சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார்.

வீட்டில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் தூசி. இங்கேயாவது ஏதோ நிஜமாகவே இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நாத்தனார் துடைப்பத்தோடு வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

கணவன் சுத்தியலோடு நின்றான்.

"இல்லையா?"

"இல்லீங்க."

அவன் சுத்தியலைத் தையல் மெஷின் மேல் வைத்தான். "பெட்டியெல்லாம் மடிச்சுத்தான் வெச்சிருக்கேன். கிழிக்கல," என்றான்.

"ஆணி?"

"ஒண்ணு அடிச்சாச்சு."

மகளின் படம் சுவரில் சாய்ந்து கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாட்டிடுங்க," என்றாள். "போற வரைக்கும் தொங்கட்டும்."