நாகலூரிலிருந்து வந்த இரண்டு சேலைகள்

மாரிசாமி காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, செத்துக் கிடந்த தங்கையின் காலடியில் வைத்தார். உள்ளே இரண்டு சேலைகள் இருந்தன. ஒன்று வெள்ளை, இன்னொன்று அரக்குச் சிவப்பு.

"ஏனுங்க, கோடி ரெண்டா?" என்றாள் கண்ணம்மாள். பக்கத்து வீட்டுக்காரி. காலனியில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்ட முன்னால் நிற்பவள்.

"எது சேரும்னு எனக்குத் தெரியலீங்க. ஒண்ணக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கறேன்னான்," என்றார் மாரிசாமி, யாரையும் பார்க்காமல்.

பிறந்த வீட்டுக் கோடித் துணி போர்த்தாமல் ஒரு பெண்ணின் உடலை எடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன் நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். புருஷன் இருக்கிறவளுக்குச் சிவப்பும் குங்குமமும். இல்லாதவளுக்கு வெள்ளையும் திருநீறும். தங்கை காவேரியை எதில் சேர்ப்பது?

ஏற்காட்டு ஏரிக்குக் கீழே இருபது வீடுகள் கொண்ட அந்தக் காலனி, அவள் கைக்குழந்தையோடு குடிவந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தது. கழுத்தில் தாலி இல்லை. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். காப்பி குடோனில் சூப்பர்வைசர் வேலை. லூனா வண்டி வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெள்ளக்கடை வரைக்கும் ஓட்டிப் போவாள். அந்தச் சத்தம் கேட்டதும் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும், சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்க்கும். வளைகாப்பு, சீர் என்று ஒரு வீடும் அவளை அழைத்ததில்லை.

மகள் பார்வதிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் லாரி கவிழ்ந்து செத்துப்போனார் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினாள். விஷயம் தெரிந்தபோது அம்மா அடிக்கவில்லை.

"இருக்குதுன்னும் சொல்லாத, செத்துதுன்னும் சொல்லாத கண்ணு. எங்கம்மா இருக்குதுன்னு சொல்லு. செத்துதுங்கற அந்த ஒரு பொய்ய நான் சொல்லியிருந்தா இந்தத் தெரு என்னயத் தலையில தூக்கி வெச்சிருக்கும்."

மறுநாள் பொட்டும் பூவுமாகப் பள்ளி வாசலில் லூனாவோடு நின்றாள். பார்வதி தெரியாதவளைப் போலக் கடந்து போனாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

"மழ எறங்குது. தூக்கற ஆளுங்க கெளம்பிருவாங்க, சட்டுனு ஆவட்டும்," என்று வாசலில் இருந்து குரல் கொடுத்தார் காலனித் தலைவர் வெங்கடாசலம்.

ஆறு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தியும் உடம்பைத் தொடவில்லை. கண்ணம்மாள் குந்தி உட்கார்ந்து பார்வதியின் முகவாயைப் பிடித்தாள்.

"ஒரு வார்த்த சொல்லு சாமி. உங்கப்பன் இருக்குதா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுங்கத்தை. அம்மா சொன்னதே இல்ல."

"செத்துப் போச்சுன்னு சொல்லிரு. உன் வாயால சொல்லோணும். நாங்களா வெள்ளயப் போத்துனா பாவம் எங்களுக்கு."

நானே குளிப்பாட்டிக்கிறேன், எல்லாரும் போங்கள் என்ற வார்த்தை பார்வதியின் தொண்டை வரை வந்தது. அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் தனியாக எப்படித் தூக்குவது? நாளைக்கு இந்தத் தெருவில் தனியாக எப்படி இருப்பது? மாமனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்துட்டாருங்க," என்றாள் பார்வதி.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள். காவேரி எவ்வளவு நல்லவள், ஒண்டியாக எப்படி வளர்த்தாள் என்றெல்லாம் சொல்லி அழுதார்கள். முதல் சொம்புத் தண்ணீரைக் கண்ணம்மாளே ஊற்றினாள். குங்குமத்தை வழித்தாள். வருஷக் கணக்காக வைத்து வைத்து, அடியில் தோல் வட்டமாகக் கறுத்திருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள்.

"போவ மாட்டேங்குதே."

"உடு அக்கா. திருநீறு பட்டையாப் பூசுனா தெரியாது," என்றாள் இன்னொருத்தி.

பூசினார்கள். தெரியவில்லை.

வெள்ளைச் சேலையைச் சுற்றி முடித்ததும் கண்ணம்மாள் தன் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். பார்வதியை ஒட்டி உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"காத்தாலருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. குடி கண்ணு. இனிமே இதும் உன்ற ஊடுதான்."

அந்தத் தோள் கதகதப்பாக இருந்தது. காப்பி நன்றாக இருந்தது. அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"இன்னங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள் கண்ணம்மாள்.

பார்வதி டம்ளரை நீட்டினாள்.