மரணச் சங்கத்துக்கு ஓர் இலக்குத் திகதி

பதுளை மாலை நேரக் கணக்கு வகுப்பில் டிலானிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேலைதான். வீட்டு வரவு செலவைப் பழைய கணக்குச் செயலியிலிருந்து புதிய செயலிக்கு மாற்ற வேண்டும். ஒரு வரியும் விடுபடக்கூடாது, ஒரு தலைப்பும் மாறக்கூடாது. சரியாகச் செய்தவர்களை டவுனிலுள்ள கணக்காளர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சிபாரிசு செய்வதாக வகுப்பு நடத்தும் அஸீஸ் சேர் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

எல்லா வரிகளும் பச்சையாக ஏறின. ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது: மரண உதவிச் சங்கம், மாதச் சந்தா. வீட்டில் யாராவது இறந்தால் அடக்கச் செலவைக் கொடுக்கும் சங்கம் அது. "அது செலவு இல்ல, நமக்காகச் சேக்கிறது" என்று அம்மா இருதயம்மா சொன்னதால், டிலானி அதைச் சேமிப்பு என்ற தலைப்பில்தான் போட்டு வந்திருந்தாள். புதிய செயலிக்குச் சேமிப்பென்றால் ஓர் இலக்குத் திகதி வேண்டும். இந்தச் சேமிப்பு யாருக்காக, எந்த நாளில் தேவைப்படும் என்று மிக மரியாதையாகக் கேட்டது.

ஏதோவொரு திகதியைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் டிலானிக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஹாலிஎல பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துவிட்டு, வீட்டில் கேட்டேவிட்டாள்.

"டிசம்பர் போடாத" என்றாள் இருதயம்மா உடனே. "நத்தார் பண்டிகை கெட்டுப்போகும்."

"ஒக்டோபர்ல மழை. குழியில தண்ணி நிக்கும்" என்றார் அப்பா கபிரியேல்.

"தபசு காலமும் வேணாம். வந்த சனத்துக்கு எறச்சி போட ஏலாது."

"அப்ப ஆகஸ்ட்டு வையி. காத்துதான் அடிக்கும்."

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து மாரியாயி குரல் கொடுத்தாள். "ஆடி முடியட்டும் அண்ணே. கோயில் காப்பு கட்டிட்டுச் சாவு வீட்டுக்கு வர ஏலாது. நாங்கல்லாம் வர வேணாமா?"

ஆடியும் முடிந்து, சம்பளமும் கைக்கு வந்திருக்கும் நாளாகப் பார்த்து ஆகஸ்ட் இருபத்திரண்டு என்று முடிவாயிற்று.

"யாருக்குன்னு போட?" டிலானி தயங்கினாள்.

"எனக்கே போடு. ஒங்கம்மா போயிட்டா யாரு கறியாக்கிறது?"

"போறதுலயும் இந்த மனுசன் முந்திக்கணும்" என்றாள் இருதயம்மா.

மறுநாள் வகுப்பில் பெரிய திரையில் டிலானியின் கணக்கு விரிந்தது. வண்ண பலூன்கள் பறக்க, 'இலக்கு: கபிரியேல். எழுபது வீதம் பூர்த்தி. தொடர்ந்து முயலுங்கள்!' என்றது செயலி. வகுப்பே சிரித்தது. டிலானிக்குக் காது சூடாகியது. சிபாரிசு போயிற்று என்றே நினைத்தாள்.

"மத்தவங்க எல்லாம் இந்த மாதிரிச் சிவப்பு வரிய அழிச்சிட்டாங்க. நீங்க ஏன் அழிக்கல்ல?" என்றார் அஸீஸ் சேர்.

"அழிச்சா மொத்தம் இடிக்குதுங்க சேர்."

சேர் மொத்தத்தை இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு சிபாரிசுப் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாங்களும் பள்ளிவாசல்ல ஜனாஸா அடக்க நிதிக்கு மாசாமாசம் கட்டுறோம் மகள். என்ட கணக்கும் ஒரு மாசமா சிவப்பிலதான் நிக்குது. ஒங்க வீட்டில எப்படி முடிவெடுத்தீங்க?"

"எல்லாரையும் வச்சுக் கேட்டோம். அப்பா தானாவே முன்வந்தாருங்க சேர்."

சேரின் முகம் வாடியது.

"எங்கட வீட்டில கேட்டா, யோசிக்காம என்ட பேரத்தான் சொல்லுவாங்க."