கீழிருந்து ஏறினால்தான் கணக்கு

எங்கள் பள்ளி அலுவலக வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே ஒரு வண்ண அட்டை செருகியிருக்கும். பச்சை என்றால் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் ஆசிரியர் சும்மா சம்பளம் வாங்கியிருக்கிறார். வருடத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, கடைசியில் அதே மாதிரி இன்னொன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வளர்ச்சிப் புள்ளி. நான் கணக்கு டீச்சர். இந்தக் கழித்தல் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன வருடம் என் நான்காம் வகுப்புக்குச் சிவப்பு. அவர்கள் முதல் தேர்விலேயே நன்றாக எழுதித் தொலைத்துவிட்டார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு எடுத்த பிள்ளை எங்கே போய் வளரும்? மற்ற டீச்சர்கள் விவரமானவர்கள். விளையாட்டு வகுப்பு முடிந்து, பிள்ளைகள் வியர்வை வழியக் கொட்டாவி விடும் நேரமாகப் பார்த்துத் தொடக்கத் தேர்வை வைப்பார்கள். நான்தான் நன்றாகத் தூங்கி எழுந்து வரச்சொல்லி, முதல் வேளையில் வைத்தேன்.

"உன்ன மாதிரி ஆள மியூசியத்துல வைக்கணும்" என்றார் என் கணவர். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், கிண்டலுக்குக் குறைவில்லை. பிறகு குரலை இறக்கி, "இன்னொரு சிவப்பு வந்தா?" என்று கேட்டார். என் வேலை வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. தொடர்ந்து இரண்டு சிவப்பு வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். சலிப்பாக இருந்தது.

அந்த வகுப்பிலிருந்த ஒருத்தியை நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்டு உயிரை எடுப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். போன வருடம் தொடக்கத்தில் நாற்பத்தொன்பது, முடிவில் நாற்பத்தெட்டு. 'எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை' என்று அவள் வீட்டுக்கு அறிக்கை போனது. தையல் வேலை செய்யும் அவள் அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எம்பொண்ணுக்கு என்ன குறை டீச்சர்? வீட்ல நாங்க எதுவும் தப்பு பண்றமா?" என்றார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அச்சடித்த தாளுக்கு முன்னால் என் வாய்வார்த்தை எடுபடவில்லை.

இந்த வருடம் அதே பிள்ளைகளோடு நானும் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். தொடக்கத் தேர்வு கம்ப்யூட்டரில் நடந்தது. முடித்த உடனே மதிப்பெண் வந்துவிடும். வக்கீலின் திரையில் பதினொன்று என்று வந்ததும் இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தேன். அவள் பதில்களைத் திறந்து பார்த்தேன். எட்டும் ஏழும் கூட்டினால் பதினாறாம்.

எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தி வைத்தேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்."

"எட்டும் ஏழும் எவ்ளோ?"

"பதினஞ்சு." பிறகு, இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். "கீழேருந்து ஏறினாத்தானே டீச்சர் ஏறினதா கணக்கு? போன வருஷம் என்னாலதான நம்ம கிளாஸுக்குச் சிவப்பு போட்டாங்க. இந்த வருஷம் பாருங்க, உங்களுக்குப் பச்சைதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த அந்தப் பலகையைப் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருந்தது. என் வேலைக்காக ஒரு பிள்ளை தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் போட்ட கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பதினைந்துக்குக் கீழே எடுக்கிறவர்களைக் கம்ப்யூட்டரே துணை வகுப்புக்கு மாற்றிவிடும். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறை. வருடம் முழுக்கக் கூட்டலும் கழித்தலும்தான். அறிவியல் கிடையாது, ஓவியம் கிடையாது. நடத்துவது விளையாட்டு வாத்தியார். மறுநாள் காலை அவருடைய பட்டியலில் வக்கீல் இருந்தாள்.

"எனக்கு லாட்டரி அடிச்சிருக்கு டீச்சர்" என்று சிரித்தார் அவர். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "பாவம், அங்க அவளுக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

நேராகத் தலைமையாசிரியையிடம் போனேன். மேசையில் ஆறிப்போன காபியும் ஒரு கட்டுக் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"விட்டுடுங்களேன்" என்றார். "வருஷக் கடைசியில அவ எப்படியும் நாப்பத்தெட்டு எடுப்பா. ஸ்கூலுக்கு நல்லது. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?"

"ஒரு வருஷம் வீணாப் போகுமே மேடம் அவளுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "மறுதேர்வு வைக்கணும்னா ஒரே வழிதான். தேர்வு நடத்தினவங்க தங்க தப்புன்னு எழுதிக் குடுக்கணும். பிள்ள வேணும்னே தப்பா போட்டுச்சுன்னு எழுதினா அது அவ பேர்ல ஒட்டிக்கும், காலத்துக்கும் போகாது. நீங்க எழுதினா உங்க ஃபைல்ல ஏறும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு இருக்கு. யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். இரண்டு நாள் வேறு எதையும் யோசிக்கவில்லை. மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் கீழே அவள் குரல் கேட்டது. "சார், இதெல்லாம் எனக்குத் தெரியுமே சார்." அவர் பொறுமையாக, "தெரிஞ்சா இன்னொரு தடவ போடு கண்ணு" என்றார். மூன்றாம் நாள் அவள் குரல் கேட்கவில்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். தேர்வை நான் கவனக்குறைவாக நடத்தினேன், மாணவிக்கு நேரம் போதவில்லை என்று. வீட்டில் சொன்னபோது கணவர் கிண்டல் செய்யவில்லை. "சரி, பாத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுதேர்வு அன்று கம்ப்யூட்டர் அறையில் நானும் அவளும் மட்டும். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவள் உடனே தொடங்கவில்லை.

"டீச்சர், பதினொண்ணு எடுத்தா கீழே அனுப்பிடறாங்க. முழுசா எடுத்தா உங்களுக்குச் சிவப்பு. அப்ப எத்தன தப்பு போடட்டும்?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. இருபத்தெட்டு. மீதி இருபத்திரண்டு மதிப்பெண்ணோடு அவள் என் வகுப்பிலேயே இருப்பாள், வருடக் கடைசியில் பச்சைக்கும் குறைவிருக்காது. இரண்டு நாள் யோசனையில் என்னையறியாமல் நான் அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். அது தெரிந்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணும் தப்பு போடாத" என்றேன். "தெரிஞ்சத எழுது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். என்னப் பத்திக் கவலைப்படாத."

கிடுகிடுவென்று போட்டு முடித்தாள். திரையில் ஐம்பதுக்கு ஐம்பது என்று வந்தது. கூடவே, நன்றாகச் செய்தால் திரையில் கொட்டும் வண்ணப் பூமாரியும். அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"சாரி டீச்சர்" என்றாள்.