கீழே நின்று வேலை வாங்குகிறவன்

செவலைப் பசு கன்று போட்டதா என்று கேட்டான் ராபின். இன்னும் இல்லை என்றார் அவன் அப்பா ஆசீர்வாதம். மலேசியாவிலிருந்து மகன் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருநாவலூரிலிருந்து பெண் வீட்டார் நைனார்பாளையத்தில் ஆசீர்வாதத்தின் வீட்டுக்கு வந்து, கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் பேச்சே தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் அருள்மொழி, கள்ளக்குறிச்சி தொழிற்சங்க ஆபீசில் இருப்பவள். ராபின் இருக்கும் இடத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் ஆட்களைச் சாரம் ஏற்றுகிறார்களாம். அவனோடு ஏறும் நேபாளத்துக்காரனின் மனைவி தன் ஊர்ச் சங்கத்தில் சொல்லிவிட்டாளாம். இந்தியா, நேபாளம், மலேசியா மூன்று நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. அங்கே வாய் திறக்க முடியாதவனுக்காக ஊரிலிருக்கும் குடும்பம் பேசலாம், பெயர் வெளியே போகாது. ஒரே குடும்பம் சொன்னால் கம்பெனி பொய் என்று தள்ளிவிடும். இந்தியாவிலிருந்தும் ஒரு குடும்பம் சொன்னால் மலேசியச் சங்கம் அதிகாரிகளோடு உள்ளே போகும்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆசீர்வாதம்தான் கூடத்துக்குக் கேட்கும்படி பேசினார்.

“எம்மவன் இன்னாத்துக்கும்மா சாரம் ஏறப்போறான்? சூப்பர்வைசரு. கீய நின்னு வேல வாங்கறவன். வேற வூடு பாரு.”

கொடி பிடிக்க ஆள் கம்மி போலிருக்கிறது என்றார் பெண்ணின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். ஆசீர்வாதமும் சிரித்தார்.

அடுத்த வாரம் ராபின் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

பெட்டி வந்த அன்று அருள்மொழியும் வந்தாள். பழைய பேச்சை எடுக்கவில்லை. நேபாளத்துப் பெண் பேச வேண்டும் என்கிறாள் என்று போனை நீட்டினாள். அந்தப் பெண் இந்தியில் அழுதுகொண்டே சொன்னதை அருள்மொழி தமிழில் சொன்னாள்.

“அவங்க இன்னும் கொஞ்சம் அடிச்சிப் பேசியிருந்தா உங்க புள்ள பொயச்சிருப்பாராம். மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க.”

ஆசீர்வாதத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் புருஷன் இன்னும் அதே சாரத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தான். பந்தலில் பெண் வீட்டாரோடு ஊரே உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்து நின்றார்.

“எய்திக்கம்மா. எம்மவன் கூலிக்காரன். கயிறு இல்லாமதான் ஏறினு இருந்தான். எங்கிட்ட சொல்லிக்கினுதான் இருந்தான்.”

பெண்ணின் மாமா தரையைப் பார்த்தார்.

பிறகு சங்கத்தார் அங்கே உள்ளே போனார்கள். இப்போது எல்லோருக்கும் கயிறு கொடுக்கிறார்கள், அந்த நேபாளத்துக்காரன் நன்றாக இருக்கிறான் என்று அருள்மொழி வந்து சொன்னபோது, ஆசீர்வாதம் தலையை ஆட்டினாரே தவிர அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டி வருவதற்கு முன்பே அவர் சொல்லி அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர் பஸ் ஸ்டாப்பில் கட்டியபடி இருக்கிறது. மழையில் ஓரம் கிழிந்துவிட்டது. ராபின் படத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கிறது: சூப்பர்வைசர், மலேசியா.