குழாயில் நின்ற வெளிச்சம்

பேச்சிக்கனியும் அவள் புருஷன் கொம்பையாவும் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில் ஐஸ் கிடையாது. குளிர் மட்டும்தான்.

அந்தக் குளிரில் எதுவும் எதிலும் உரசாது. கால் தரையில் உரசாது. ஒருமுறை கோபப்பட்டால் அந்தக் கோபம் தேயாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

அவளுக்கு ஓர் அலுமினிய அறை. அவனுக்கு ஓர் அலுமினிய அறை. நடுவில் ஒரு செப்புக் குழாய். அதன் வழியாக ஒரே ஒரு துளி வெளிச்சத்தை அவள் அவனுக்குத் தர வேண்டும், அவன் அவளுக்குத் தர வேண்டும். அதுதான் வேலை. எதற்கென்று இவர்கள் கேட்டதில்லை. முன்பு உப்பளத்தில் உப்பு சுமந்த காலத்தில் அதை யார் தின்கிறார்கள் என்று கேட்டார்களா என்ன?

வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. கனம் உண்டு. பேச்சிக்கனி துணியைச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துத்தான் வாங்குவாள். வெளிச்சம் யாரிடம் இருக்கிறதோ அவர் இருப்பார். மற்றவர் இருக்க மாட்டார். இல்லாமல் இருப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. இடுப்பு வலி அப்போது மட்டும்தான் விடும்.

இரண்டு பேரும் காலடி பிசகாமல் ஒரே எட்டில் அசைந்தால்தான் வெளிச்சம் குழாயில் ஏறும். ஒருத்தர் பிந்தினாலும் ஏறாது. உப்பளத்தில் முன்னும் பின்னுமாய் நடந்து இவர்களுக்கு எட்டு ஒன்றாகிப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஜோடியாக எடுத்தார்கள்.

வெளிச்சம் குழாயின் நடுவில் போகும்போது இருவரும் பாதிப் பாதி இருப்பார்கள். பேச்சு அப்போதுதான்.

“சாப்டியா?” என்பான் கொம்பையா.

“பாதி. வீட்டுச் சாவி எங்க?”

“என் இடுப்புல.”

அன்றைக்கு மேஸ்திரி அந்தோணிப்பிச்சை வெளியிலிருந்து சத்தம் கொடுத்தார். “இன்னிக்குப் பாக்கப் போறோம்.”

வேலை நடக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. பார்க்கும்போது இருக்கிறவர் வீட்டுக்குப் போகலாம். இல்லாதவரை எப்படி வெளியே விடுவது?

வெளிச்சம் அப்போது பேச்சிக்கனியின் தலையில் இருந்தது. அசையாமல் நின்றிருக்கலாம். அவள் அசைந்தாள். பழகிய எட்டில் அவனும் அசைய, குழாயில் ஏற்றினாள்.

“ஏட்டி, நீயே வச்சுக்க வேண்டியதுதான?” என்றான் கொம்பையா.

“நீங்க போங்க. எனக்கு இடுப்பு வலிக்கி.”

“கூறுகெட்டவளே. அப்படியே பாதில பிடி.”

“என்னத்துக்கு?”

“மூட்டைய ஒத்தையிலயா தூக்குவோம்? ஆளுக்கொரு கை போடுவோம். பாக்கிறவன் ரெண்டு பேரையும் பாக்கட்டும்.”

மூட்டையை ஒற்றை ஆள் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. இறக்கவும் முடியாது. உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. இருவரும் அசைவை நிறுத்தினார்கள். வெளிச்சம் நடுவில் நின்றது. எது யாருடைய பாதி என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய இடுப்பு அவனுக்கு வலித்தது.

மேஸ்திரி அவள் கதவைத் திறந்தார்.

பேச்சிக்கனி முழுசாக இருந்தாள்.

“நீதான். கெளம்பு.”

“அந்தக் கதவையும் தொறந்து பாருங்க அண்ணாச்சி.”

“உன்னப் பாத்தாச்சுல்லா. அங்கயும் பாத்த மாதிரிதான்.”

“ஆளுக்குப் பாதி பிடிச்சிருந்தோம்.”

“பாக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.”

“வீட்டுச் சாவி அவர்ட்ட இருக்கு.”

“எவர்ட்ட?” என்றார் மேஸ்திரி. கிண்டலாக இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

வெளியே வெயில். கால் தரையில் உரசியது. தலையில் கனம் அப்படியே இருந்தது. வழியில் இரண்டு கையையும் உயர்த்தி அதை இறக்கிப் பார்த்தாள். வரவில்லை.

பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றாள். எதிர்வீட்டு லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன பேச்சி, வெயில்ல நிக்க?”

“ஒரு கை குடுங்கக்கா. இறக்கணும்.”

லூர்தம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். “வெறும் சும்மாடுதானட்டி இருக்கு?”

பேச்சிக்கனி நின்ற இடத்திலேயே அசைய ஆரம்பித்தாள். இடது, வலது. கொம்பையா பிந்திவிட்டால் வெளிச்சம் ஏறாது என்று, கொஞ்சம் மெதுவாகவே அசைந்தாள்.